கொழுப்பு கரையணும், தெம்பு குறையக் கூடாது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி பக்கம் ஜிம்முக்கு வருகிறவர்களும், உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்று விசாரிக்கிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில்; நான் மருத்துவன் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் வரும்போது அதையும் சொல்லியிருக்கிறேன். ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் வாங்கினால்தான் உடம்பு இறுகும் என்று நம்பி, செலவுக்குப் பயந்தே பலர் ஆரம்பிக்காமல் இருக்கிறார்கள். நம்ம மார்க்கெட்டில் கிடைப்பதே போதும்.

மாஸ்டர், எனக்கு எடை குறைந்தால் போதும். எதுக்கு வெயிட் தூக்கணும்?

சாப்பாட்டைக் குறைத்தாலே எடை குறையும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடும். இரண்டு வேளை பட்டினி கிடந்து இளைத்தவர்களைப் பாருங்கள்: கன்னம் ஒட்டிப்போய், தோள் எலும்பு துருத்திக்கொண்டு, தொப்பை மட்டும் பாதிக்குப் பாதி அப்படியே இருக்கும். மாடிப்படி ஏறினால் கால் நடுங்கும். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் கொழுப்பு முதலில் திரும்பி வரும், போன தசை சுலபத்தில் வராது.

வெயிட் தூக்கும்போது தசைக்கு வேலை இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும். கூடவே புரதமும் போதுமான அளவு கிடைத்தால், சாப்பாடு குறைந்ததால் வருகிற பற்றாக்குறையை உடம்பு பெரும்பாலும் கொழுப்பிலிருந்து ஈடுகட்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் சில மாதங்களில் கொழுப்பு குறையும்போதே தசை கூடவும் செய்யும். அப்போது எடை மெஷினில் முள் அவ்வளவாக நகராது, பேண்ட் மட்டும் லூசாகும். பலனே இல்லை என்று நினைத்து அந்த நேரத்தில் விட்டுவிடாதீர்கள். நல்லபடியாக நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

நான் குண்டு இல்லை, வயிறு மட்டும்தான். எனக்கும் கொழுப்பு அதிகமா?

இருக்கலாம். கை கால் ஒல்லி, நடுவில் தொப்பை: நம் ஊரில் இந்த உடல்வாகு ரொம்பச் சாதாரணம். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை, இதய நோய் ஆகியவற்றோடு அதிகம் தொடர்புள்ளது. அதனால் எடையைவிட இடுப்புச் சுற்றளவைப் பார்ப்பது நல்லது.

தையல்காரர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். பேண்ட் கட்டுகிற இடம் அது இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே. இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர்தான் எல்லை. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கிலும் நமக்கு எல்லை கீழேதான்: 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு குறைக்கணும்?

இப்போது சாப்பிடுவதில் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அதை ஒரே வாரத்தில் கரைக்க நினைப்பதால்தான் நாலாவது நாள் பசி தாங்காமல் எல்லாம் கலைகிறது.

எங்கே குறைப்பது? தட்டில் கை வைப்பதற்கு முன் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் 6 லிட்டர் எண்ணெய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர், அதாவது ஒருவருக்கு தினமும் 400 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்து மட்டும். அதை 4 லிட்டராகக் குறைத்தால் வேறு எதையும் தொடாமலே ஆளுக்கு தினம் சுமார் 140 கலோரி குறையும். மீனைப் பொரிப்பதற்குப் பதில் தோசைக்கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு வறுத்தெடுங்கள், தாளிப்புக்குக் கையால் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். சமைக்கிறவரிடம் இதை உட்கார்ந்து பேச வேண்டும், உத்தரவு போட்டால் நடக்காது.

அடுத்தது டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஐந்து குடிக்கிறவருக்கு சர்க்கரையிலிருந்து மட்டும் 160 முதல் 200 கலோரி வருகிறது. கூடக் கடிக்கிற வடையும் பிஸ்கட்டும் தனி. டீயை நிறுத்தச் சொல்லவில்லை. சர்க்கரையை முதல் வாரம் ஒரு ஸ்பூன், அப்புறம் அரை ஸ்பூன் என்று இறக்குங்கள், நாக்கு பழகிவிடும்.

சோத்தை நிறுத்திடவா?

வேண்டாம். 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான். நாம் சாப்பிடுகிற முறைதான் அளவைக் கூட்டுகிறது: குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு விழுகிறது. குழம்புக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு, ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடியுங்கள். மீனும் பொரியலும் முதலில் பாதி தட்டை நிரப்பட்டும். பயிற்சி இருக்கிற நாளில் இன்னொரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டாலும் தவறில்லை, வெயிட் தூக்க அந்த மாவுச்சத்து உதவும்.

ராத்திரி சோறு சாப்பிட்டால் கொழுப்பாகிவிடும், சப்பாத்தி சாப்பிட்டால் ஆகாது என்பதெல்லாம் இல்லை. எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தி ஒரு அளவான தட்டுச் சோற்றைவிட அதிகம்.

புரதம் புரதம்னு சொல்றீங்களே, எவ்வளவு? எதில்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் நம் தட்டில் குறையாக இருப்பது இதுதான். சாதாரண ஆளுக்கு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடைப்பயிற்சி செய்துகொண்டு கொழுப்பையும் குறைக்கிறவருக்கு 1.6 கிராம் அளவுக்கு வேண்டும். 75 கிலோ ஆளுக்கு 120 கிராம். எடை ரொம்ப அதிகம் என்றால் போய்ச் சேர வேண்டிய எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

120 கிராம் என்றதும் எல்லாரும் மலைக்கிறார்கள். ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, சாம்பார், கூட மூன்று அவித்த முட்டை: 26 கிராம். மதியம் சோறு, கீரை, முள் தலை நீக்கி 150 கிராம் மீன்: 36. சாயந்திரம் இரண்டு கைப்பிடி உடைத்த கடலை, ஒரு டம்ளர் பால்: 16. ராத்திரி இரண்டு சப்பாத்தி, 150 கிராம் கோழிக்கறி: 39. கூட்டினால் 117. இதில் டப்பாவிலிருந்து எடுத்தது எதுவும் இல்லை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் காலை நாஸ்டா அம்மா உணவகத்தில்தான் என்றால், அங்கே 1 ரூபாய் இட்லி நாலு வாங்கிக்கொண்டு முட்டையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

மீனில் வஞ்சிரம்தான் சத்து என்று யாரும் கடன் வாங்க வேண்டாம். 100 கிராம் சதையில் 18 முதல் 20 கிராம் புரதம் என்பது மத்தி, சங்கரா, கானாங்கெளுத்தி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா 3 கொழுப்பும் கிடைக்கும். கடம்பாவில் (கணவாய்) கொழுப்பு மிகக் குறைவு, புரதம் 16 கிராம் வரை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: கிலோ மீன் வாங்கினால் தலை, குடல், செதில் போக கையில் வருவது பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோதான். கணக்கைச் சுத்தம் செய்த பிறகு போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் பெரிய மீன் விலை ஏறிவிடும். ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருகிற சின்ன மீன், முட்டை, கோழி என்று மாறிக்கொள்ளலாம். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு புளியந்தோப்பு பக்கம் கவலையே இல்லை: கொழுப்பு நீக்கிய கறியில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம், இரும்புச் சத்தும் நிறைய. கருவாடு எப்போதாவது சரி, உப்பு அதிகம் என்பதால் பிரஷர் இருக்கிறவர்கள் தினமும் வேண்டாம்.

நாங்க சைவம்.

கொஞ்சம் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான். சோயா உருண்டை 50 கிராமில் 26 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு. ரேஷன் துவரம்பருப்பை நீர்க்கச் சாம்பார் வைக்காமல் கெட்டியாகக் கடைந்து சாப்பிடுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டல், முளைகட்டிய பச்சைப்பயறு, தயிர், பால், பன்னீர் இவற்றைத் தினமும் மாற்றி மாற்றி வையுங்கள். பன்னீரில் புரதத்தைவிடக் கொழுப்பு கூட இருக்கும், அளவு பார்க்க வேண்டும். வேர்க்கடலையும் நல்லதுதான், ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல். டிவி பார்த்துக்கொண்டே பொட்டலம் காலி செய்தால் நாள் கணக்கு முழுதும் போய்விடும்.

ஜிம்மில் என்னென்ன செய்யணும்?

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம். ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும். ஆரம்பத்திலேயே திங்கள் மார்பு, செவ்வாய் கை என்று பிரிப்பவர்கள் காலுக்கான நாளை மட்டும் தவறாமல் விட்டுவிடுவார்கள், உடம்பிலேயே பெரிய தசைகள் காலிலும் புட்டத்திலும்தான் இருக்கின்றன.

காலுக்கு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), பின்தொடைக்கும் முதுகுக்கும் டெட்லிஃப்ட் (தரையிலிருக்கிற எடையைத் தூக்கி நிமிர்வது), தள்ளுவதற்குத் தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ், இழுப்பதற்கு ரோயிங் அல்லது புல்டவுன், தலைக்கு மேல் தூக்க டம்பெல் பிரஸ். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 6 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிற நிலையில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 சுலபமாக வந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ ஏற்றுங்கள். இந்த ஏற்றம்தான் முக்கியம். வருடக் கணக்கில் ஒரே டம்பெல்லைத் தூக்குகிறவருக்கு உடம்பும் அப்படியேதான் இருக்கும். ஒரு 40 பக்க நோட்டில் தேதி, எடை, தடவை மூன்றையும் எழுதி வையுங்கள்.

ஸ்குவாட் புதிது என்றால் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். குதிகால் தரையை விட்டுத் தூக்கக் கூடாது. முட்டி, பாதம் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், உள்பக்கம் மடியக் கூடாது. பொத்தென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். இது பழகியபின் ஸ்டூலை எடுத்துவிட்டு, ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துச் செய்யலாம். பார்பெல் தோளில் ஏறுவதற்கு அவசரமே இல்லை.

அக்னி நட்சத்திர நாட்களில் நம் பக்கத்து ஷீட் போட்ட ஜிம்களில் புழுக்கம் தாங்காது. அதிகாலையில் வந்துவிடுங்கள், இடையில் உப்பு போட்ட மோர் குடியுங்கள். வியர்வை சொட்டினால் கொழுப்பு கரைகிறது என்று பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. போவது தண்ணீர் மட்டும்தான், அந்த வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாது. வீட்டிலேயே செய்யலாமா? பொம்பளைங்க செய்யலாமா?

இரண்டுக்கும் ஆமாம். குடிக்கிற தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. காலியானதும் கடைக்காரரிடம் கொடுக்காமல் ஒன்றை வைத்துக்கொண்டு, முதலில் பாதி நிரப்புங்கள், வாரா வாரம் ஒரு லிட்டர் கூட்டுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். கேனை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து, முட்டியை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். முதுகு வளையக் கூடாது. கேனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, காலால் தரையை அழுத்தி எழுந்திருங்கள். லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கித் தூக்கி இடுப்பு வலி வந்த அக்காக்கள் எத்தனையோ பேர். குடத்தையும் இதே முறையில் தூக்கினால் முதுகுக்குப் போகிற பாரத்தைக் கால் வாங்கிக்கொள்ளும்.

தண்டால் வரவில்லை என்றால் சுவரில் கை வைத்து ஆரம்பித்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், அப்புறம் படிக்கட்டு, கடைசியில் தரை என்று இறங்கி வாருங்கள். பிள்ளைகளின் ஸ்கூல் பையில் அரிசி போட்டு இழுத்தால் ரோயிங். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் இரும்புக் கருவிகளும் பாரும் இருக்கின்றன, காசு கேட்க மாட்டார்கள்.

பெண்கள் வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பெண்ணுடம்பில் மிகக் குறைவு. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும், எடைப்பயிற்சி அதைத் தாங்கிப் பிடிக்கும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிற தங்கைகளுக்கும் இது நல்லது. கர்ப்பமாக இருந்தால் அல்லது பிரசவமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

தொப்பை மட்டும் குறைய ஏதாவது எக்சர்சைஸ்?

கிடையாது. சிட்-அப் வயிற்றுத் தசையை வலுவாக்கும், அதன் மேலிருக்கிற கொழுப்பைத் தனியாக எடுக்காது. எங்கிருந்து முதலில் குறைய வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும். ஆண்களுக்குப் பெரும்பாலும் வயிறு கடைசி.

நான் ஹார்பரில் மூட்டை தூக்கறேன். அதுவே பயிற்சி இல்லையா?

வேலை உங்களுக்கு வலு தந்திருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அதே எடை, அதே பக்கத்துத் தோள், அதே அசைவு. வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் போதும், அதில் வேலையில் வராத அசைவுகளை, முக்கியமாக இழுக்கிற பயிற்சிகளைச் செய்யுங்கள். தொப்பைக்குக் காரணம் பெரும்பாலும் வேலை முடிந்தபின் நடப்பதில்தான் இருக்கும். ஒரு குவார்ட்டரில் மட்டும் ஏறக்குறைய 400 கலோரி, சைடு டிஷ் அதற்கு மேல்.

மணலி, எண்ணூர் பக்கம் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குத் தூக்கம்தான் முதல் பயிற்சி. தூக்கம் குறைந்தால் பசி கூடும், தசையும் அதிகம் இழக்கும். ஷிப்ட் முடிந்து நேராக ஜிம்முக்கு வராமல், ஜன்னலைத் துணியால் மூடித் தூங்கி எழுந்து வாருங்கள்.

பிரியாணி, பரோட்டா, அத்தோ எல்லாம் மறந்துடணுமா?

மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு சோறு பாதி, கறித்துண்டு கூட, முட்டை ஒன்று. பரோட்டா ஒன்றிலேயே 250 முதல் 350 கலோரி வரை போகும், ஒன்றோடு நிறுத்த முடியாதவர்கள் கல்தோசைக்கு மாறுவது நல்லது. பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடப் போனால் ஒரு தட்டை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு, மசாலா முட்டை ஆளுக்கு இரண்டும் வாழைத்தண்டு சூப்பும் வாங்குங்கள். வாரத்தில் ஒரு வேளை இப்படிப் போனால் எதுவும் கெடாது. அதையே சாக்காக வைத்து வெள்ளி ராத்திரி தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை நீட்டினால்தான் ஐந்து நாள் பட்ட பாடும் வீண்.

பவுடர், கிரியாட்டின், ஊசி?

புரோட்டீன் பவுடர் பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான். சாப்பாட்டில் எட்டாதபோது ஒரு ஸ்கூப், எட்டினால் தேவையில்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லாத டப்பாவை, லூசில் விற்பதை, பாதி விலைக்குத் தருகிறேன் என்பதை வாங்காதீர்கள். கிரியாட்டின் தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் வலு கூட உதவும். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுகிற கிரியாட்டினின் என்ற அளவு சற்று உயரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் எடுப்பதைச் சொல்லுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் இவற்றைத் தொட வேண்டாம்.

ஊசி வேண்டவே வேண்டாம். தம்பிகளே, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஸ்டீராய்டு இதயத்தைத் தடிக்க வைக்கும், விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தியபின் மனசையும் சோர்வில் தள்ளும். ஒர்க்அவுட்டுக்கு முன் போடச் சொல்லி விற்கிறார்களே மெஃபென்டெர்மின், அது ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் விழுந்தால் ஏற்றுவதற்கான மருந்து. நல்ல உடம்பில் ஏற்றிக்கொண்டு பார்பெல் தூக்கினால் இதயத் துடிப்பு தறிகெட்டுப் போகலாம். அதைக் கொடுக்கிறவர் எவ்வளவு பெரிய உடம்பு வைத்திருந்தாலும் அந்த ஜிம்மை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுக்கிறேன். ஆரம்பிக்கலாமா?

உங்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும்: தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மருந்துகளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிரஷர்காரர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நடக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது என்றால் ஜிம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பரிசோதனைக்குக் காசு இல்லை என்பது தடையாக வேண்டாம். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஸ்டான்லி மருத்துவமனையிலும் சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரமா எடை இறங்கவே இல்லை. ஏன்?

இரண்டு வாரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். முந்தின நாள் உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், புதிய பயிற்சியால் வந்த தசை வலி, எல்லாமே உடம்பில் தண்ணீரை நிறுத்தும். வாரத்தில் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் பார்த்துச் சராசரி எடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை டேப். நாலு வாரமாக எடை, இடுப்பு இரண்டும் அசையவில்லை என்றால் சாப்பாடு கூடியிருக்கிறது. மூன்று நாள் வாயில் போடுகிற எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள், குழந்தை மிச்சம் வைத்த தோசை உட்பட.

எத்தனை நாளில் தெரியும்?

வாரம் உடல் எடையில் அரை சதவீதம் குறைந்தால் போதும், ஒரு சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 80 கிலோ ஆளுக்கு 400 முதல் 800 கிராம். முதல் வாரம் இரண்டு கிலோ போனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். இதைவிட வேகமாக இறக்கினால் தசை போகும், பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும். மூன்று மாதத்தில் சட்டை தோளில் சரியாக உட்கார்ந்து வயிற்றில் தளர்ந்திருக்கும். அந்த மூன்று மாதம் முடிந்ததும் இரண்டு வாரம் எடை மாறாத அளவுக்குச் சாப்பிட்டு, வெயிட்டை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டிருங்கள். இன்னும் குறைய வேண்டியிருந்தால் அப்புறம் மறுபடி 300 கலோரி குறைத்துத் தொடங்கலாம்.